வேலை சரக்குக் கிடங்கில், ஆர்வம் கம்ப்யூட்டரில்: பழைய லேப்டாப்பை வைத்து எங்கிருந்து தொடங்கலாம்?

(இணைய மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

சரக்கறை (கேள்வி)

பார்க்கும் வேலை சரக்குக் கிடங்கில் இருப்புக் கணக்கு. அங்கே கம்ப்யூட்டர் எக்செல்லோடு நின்றுவிடும். ஐடிக்கு மாறும் எண்ணம் கிடையாது. இந்தப் பெட்டி உள்ளே எப்படி ஓடுகிறது என்று நோண்டிப் பார்க்கும் ஆசை மட்டும் உண்டு. ராத்திரி ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும்.

கையில் இருப்பது: மூன்றாம் தலைமுறை ஐ5 லேப்டாப், 4 ஜிபி ரேம் (ஒரே குச்சி, இன்னொரு ஸ்லாட் காலி), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பேட்டரி 20 நிமிடம் தாங்கும். ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் டெஸ்க்டாப் வந்திருக்கும், அந்த வேகம்.

இதை வீட்டில் எப்போதும் ஓடும் சின்ன சர்வராக்கி, எல்லார் போன் படங்களையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். அந்தச் சாக்கில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸும் பழக வேண்டும்.

இந்த லேப்டாப்புக்கு மேற்கொண்டு செலவு செய்வது தகுமா? எந்த லினக்ஸ்? படங்கள் தொலையாமலிருக்க என்ன ஏற்பாடு? கூடவே ஒன்று: மாதக் கடைசியில் 30 கிளைகளிலிருந்து வரும் 30 எக்செல் ஃபைல்களை ஒன்றாகச் சேர்ப்பதில் ஒரு முழு நாள் போகிறது. இந்த நோண்டல் பழக்கம் அதற்கு உதவுமா, அல்லது அது வேறு உலகமா?

பழைய இரும்பு

தகும். மூன்றாம் தலைமுறை என்றால் 2012 காலத்துச் சிப். 64 பிட், சாட்டா 3 (டிஸ்க் இணைப்பு), யுஎஸ்பி 3.0 மூன்றுக்கும் வசதி உண்டு. விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது (இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கும்). விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. எப்படியும் லினக்ஸ் பக்கம்தான் வர வேண்டியிருந்திருக்கும்.

முதல் செலவு எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்). உங்கள் குளியல் நேரத்துக்குக் காரணம் ப்ராசஸர் அல்ல, டிஸ்க். 5400 சுற்று டிஸ்க், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை வினாடிக்கு ஒரு நூறு தடவை தேடி எடுத்தாலே பெரிது. இருப்பதிலேயே மலிவான சாட்டா எஸ்எஸ்டிகூட ஆயிரக்கணக்கில் எடுக்கும். 240 அல்லது 256 ஜிபி போதும். 2.5 அங்குலம், 7 மி.மீ. தடிமன். பழைய டிஸ்க் 9.5 மி.மீ. ஆக இருந்தால் எஸ்எஸ்டி அந்தக் கூட்டுக்குள் ஆடும், 2.5 மி.மீ. பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் போகப்போக கனெக்டரில் லூஸ் விழும்.

ரேம் அடுத்த மாதம்கூட வாங்கலாம். கேட்டு வாங்க வேண்டியது டிடிஆர்3எல், 1.35 வோல்ட், லேப்டாப் அளவு, 204 பின். 1.5 வோல்ட் டிடிஆர்3-யும் இந்தத் தலைமுறையில் ஓடும், ஆனால் எல் வகை இரண்டு வோல்டேஜிலும் ஓடும் என்பதால் நாளை வேறு லேப்டாப்பில் மாட்டவும் ஆகும். நான்காம் தலைமுறை லேப்டாப்கள் பலவற்றில் 1.5 வோல்ட் குச்சியைப் போட்டால் திரையே வராது. டிடிஆர்4 குச்சிக்கு 260 பின், பள்ளமும் வேறு இடத்தில். அழுத்தி ஏற்றப் பார்க்க வேண்டாம். மாட்டியதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தக் குச்சியைத் திருப்பிக் கொடுங்கள். கெட்ட ரேம் மெஷினைத் தொங்க வைத்தால் கண்டுபிடித்துவிடலாம். அது காப்பி ஆகிக்கொண்டிருக்கும் படத்தில் சத்தமில்லாமல் ஒரு பிட்டைப் புரட்டிப் போட்டால் வருடக்கணக்கில் தெரியாது.

பேட்டரியைக் கவனியுங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடிமூடி சரியாக உட்காராவிட்டாலோ வீங்கிவிட்டது என்று அர்த்தம். குத்தாமல், வளைக்காமல் கழற்றி மின்கழிவில் சேர்த்துவிடுங்கள். வீங்கவில்லையென்றால் அப்படியே இருக்கட்டும், அந்த 20 நிமிடம் சர்வருக்கு இலவச யுபிஎஸ். பேட்டரி இல்லாத லேப்டாப் கரண்ட் போனதும் அணையும். கரண்ட் திரும்பினால் பெரும்பாலான மாடல்கள் தானாக ஆன் ஆகாது. ‘வேக் ஆன் ஏசி’, ‘பவர் ஆன் வித் ஏசி’ மாதிரி ஒரு வரி பயாஸில் (இயங்குதளத்துக்கு முன் வரும் அமைப்புத் திரை) இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அடிமூடியைத் திறக்கும்போது ஸ்க்ரூக்களை வெளியே இருந்த அதே வரிசையில் ஒரு தாளில் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூ குட்டை ஓட்டைக்குப் போனால் மேலே கீபோர்டிலோ போர்டிலோ முட்டும். ஃபேன் தூசியை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, சிப்பின் நடுவில் புதிய பேஸ்ட் பட்டாணியில் பாதியளவு வைத்தால் போதும்.

திறந்த கையோடு, தேதியையும் நேரத்தையும் காக்கும் சிமாஸ் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். சில மாடல்களில் ஒயரோடு வரும். இது செத்தால் தேதி பழைய வருடத்துக்கு ஓடிவிடும். உடனே சான்றிதழ் பிழை, அப்டேட் மறுப்பு என்று கிளம்பும். எல்லாரும் நெட்வொர்க்கைத்தான் சந்தேகிப்பார்கள்.

மின்செலவு: திரை அணைந்து சும்மா ஓடினால் 10 முதல் 15 வாட். 12 வாட் என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 105 யூனிட்.

கருந்திரை

எந்த லினக்ஸ் என்றால், டெபியன் 13, டெஸ்க்டாப் இல்லாமல். உபுண்டு சர்வரும் நல்லதுதான், ஆனால் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு டெபியனில் மறைந்திருக்கும் அடுக்குகள் குறைவு.

இன்ஸ்டால் செய்யும்போது இடறும் இடங்களை மட்டும் சொல்கிறேன். நெட்வொர்க் கேபிளைச் செருகிக்கொண்டே தொடங்குங்கள். வைஃபை பிறகு பார்க்கலாம். ரூட் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகி) பாஸ்வேர்டு கேட்கும் திரையைக் காலியாக விட்டுவிட்டுக் கடந்து போங்கள். அப்படி விட்டால்தான் நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்கு சூடோ உரிமை (நிர்வாகியாகக் கமாண்ட் ஓட்டும் உரிமை) தானாகக் கிடைக்கும். அங்கே பாஸ்வேர்டு போட்டுவிட்டு, பிறகு ‘சூடோ வேலை செய்யவில்லை’ என்று வந்து நிற்பவர்கள் ஏராளம். மென்பொருள் தேர்வுத் திரையில் டெஸ்க்டாப் வரிகளில் உள்ள டிக்கை எல்லாம் எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்எச் சர்வர் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து கமாண்ட் அடிக்க), ஸ்டாண்டர்ட் சிஸ்டம் யூட்டிலிட்டீஸ் இரண்டில் மட்டும் டிக் இருக்க வேண்டும்.

2012 காலத்து யுஈஎஃப்ஐ (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் ஃபர்ம்வேர்) பல அரைகுறை. இன்ஸ்டால் ஒழுங்காக முடிந்து, ரீஸ்டார்ட் செய்ததும் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று வந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். அந்த ஃபர்ம்வேர் வழக்கமான ஒரே ஒரு பாதையில் மட்டும் பூட்லோடரை (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) தேடுகிறது. மறுபடி இன்ஸ்டாலரின் ரெஸ்க்யூ மோடுக்குப் போய், டெபியனின் பூட்லோடரான கிரப்பை ‘ரிமூவபிள் மீடியா பாதை’யில் கட்டாயமாகப் போடு என்ற தேர்வைக் கொடுத்தால் சரியாகும்.

மூடியை மூடினால் தூங்காமலிருக்க, சிஸ்டம்டி-யின் லாகின்டி கான்ஃபிக் ஃபைலில் (logind.conf) ‘ஹேண்டில் லிட் ஸ்விட்ச்’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். முன்னால் இருக்கும் ஹேஷ் குறியை எடுத்துவிட்டு மதிப்பை ‘இக்னோர்’ ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஹேஷ் குறியை எடுக்க மறந்தால் நீங்கள் எழுதியது வெறும் குறிப்பாகவே கிடக்கும்.

நிலையான ஐபியை (நெட்வொர்க் முகவரி எண்) லேப்டாப்பில் எழுத வேண்டாம். ஐபி எண்களை வழங்கும் ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் லேப்டாப்பின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரு எண்ணை ஒதுக்கி வையுங்கள். கேபிளுக்கு ஒரு மேக், வைஃபைக்கு வேறு மேக்; எதை ஒதுக்குகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸில் திறக்கும்படி ஃபைல் பகிர்வுக்கு சாம்பா. இதன் பாஸ்வேர்டு, லினக்ஸ் லாகின் பாஸ்வேர்டு அல்ல. ‘smbpasswd’ கமாண்டை ‘-ஏ’ சேர்த்து ஓட்டி அதே பயனரைத் தனியாகப் பதிய வேண்டும். இதைச் செய்யாமல் விண்டோஸில் நூறு தடவை சரியான பாஸ்வேர்டு அடித்தாலும் உள்ளே விடாது.

வெளியிலிருந்து எஸ்எஸ்எச்சையோ சாம்பாவையோ அணுக ரவுட்டரில் போர்ட் (வெளியார் உள்ளே வரும் வழி) எதையும் திறக்காதீர்கள். திறந்த சில மணி நேரத்திலேயே எஸ்எஸ்எச் லாகில் முன்பின் தெரியாத முகவரிகளின் கதவு தட்டல் தொடங்கிவிடும். வெளியிலிருந்து வேண்டுமென்றால் வயர்கார்டு (மறையாக்கம் செய்த தனிப்பாதை), அதற்கு மட்டும் ஒரு போர்ட். ரவுட்டரின் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் உங்கள் இணைப்பு சேவை நிறுவனத்தின் பொது முகவரிக்குப் பின்னால் இருக்கிறது. அப்போது போர்ட் திறந்தாலும் பயனில்லை. போர்ட் திறக்காமலே இணைக்கும் டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றுதான் ஓடும்.

கடைசியாக, வெறும் டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றில் தேதி போட்டு என்ன மாற்றினீர்கள், எந்த ஃபைலில், பழைய மதிப்பு என்ன என்று எழுதிவாருங்கள். தினமும் இதே வேலையாக இருப்பவர்களுக்குக் கை நினைவு வைத்திருக்கும். வாரம் சில மணி நேரம் தொடுபவர்களுக்கு ஆறு மாதம் கழித்து அந்தக் கான்ஃபிக்கை வேறு யாரோ எழுதியது போலத்தான் இருக்கும்.

இரண்டாம் பிரதி

மேலே சொன்னபடி எல்லாம் செய்து முடித்தால் படங்கள் இருக்க இன்னொரு இடம் கிடைக்கும். போனில் இடமில்லை என்று அங்கே அழிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த இன்னொரு இடமே ஒரே இடம் ஆகிவிடும். பேக்கப் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

3-2-1 கணக்கு தெரிந்ததே: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. உங்கள் பெட்டிக்கு இப்படிப் பொருத்தலாம். சிஸ்டம் எஸ்எஸ்டியில். படங்கள் பழைய 500 ஜிபி டிஸ்க்கில், டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிஸ்க்கைப் பொருத்தும் சட்டமான கேடி போட்டு மாட்டுங்கள் (கேடியில் 9.5, 12.7 மி.மீ. என இரண்டு தடிமன் உண்டு, அளந்து வாங்கவும்). வெளி யுஎஸ்பி டிஸ்க் இரண்டு: ஒன்று சர்வரோடு, இன்னொன்று உறவினர் வீட்டில், மாதம் ஒரு தடவை மாற்றிக்கொள்வது.

பழைய டிஸ்க்கை நம்புவதற்கு முன், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் வைத்து நீண்ட சோதனை ஓட்டுங்கள். 500 ஜிபிக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். அது தரும் பட்டியலில் 5, 197, 198 என்று எண்ணிட்ட மூன்று வரிகளின் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். 197-இல் பூஜ்யத்தைத் தவிர எது இருந்தாலும் அந்த டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் இருக்கிறது. படங்களை அதில் வைக்காதீர்கள். 199 மட்டும் ஏறினால் கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ கேடியின் கனெக்டரிலோ.

வெளி டிஸ்க்கை லினக்ஸின் வழக்கமான வடிவமான எக்ஸ்ட்4-ஆக ஃபார்மட் செய்யுங்கள். எக்ஸ்ட்4 எடுத்த எடுப்பில் 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிக்கொள்ளும். 2 டிபியில் அது 100 ஜிபி. டேட்டா டிஸ்க்குக்கு அது தேவையில்லை. டியூன்2எஃப்எஸ் கொண்டு பூஜ்யமாக்கலாம்.

இனி முக்கியமான பொறி. எஃப்எஸ்டேப்பில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் மாட்டுவது என்ற பட்டியல்) டிஸ்க்கை ‘எஸ்டிபி1’ மாதிரிப் பெயரில் எழுதாமல், மாறாத அடையாளமான யுயுஐடி எண்ணால் எழுத வேண்டும். ரீஸ்டார்ட்டில் அந்தப் பெயர்கள் இடம் மாறும். ‘நோஃபெயில்’ என்பதையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் யுஎஸ்பியைக் கழற்றிய நிலையில் பூட் செய்யும்போது சிஸ்டம் அவசர நிலையில் நின்றுவிடும், திரையும் கீபோர்டும் இல்லாமல் நீங்கள் விழிப்பீர்கள். ஆனால் நோஃபெயில் சேர்த்ததும் வேறொரு வம்பு வரும். டிஸ்க் மாட்டப்படாத அன்று மவுன்ட் பாயின்ட் (டிஸ்க் வந்து பொருந்தும் இடம்) என்பது எஸ்எஸ்டியில் உள்ள வெறும் ஃபோல்டர். பேக்கப் ஸ்கிரிப்ட் ‘வெற்றி’ என்று சொல்லிக்கொண்டே அந்த ஃபோல்டருக்குள் எழுதி எஸ்எஸ்டியை நிரப்பும். இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள்: டிஸ்க் மாட்டாத நிலையில் அந்த வெற்று ஃபோல்டருக்குச் சாட்டர் (chattr) கமாண்டால் ‘இம்யூட்டபிள்’ (மாற்ற முடியாதது) குறி கொடுங்கள், யாராலும் அதில் எழுத முடியாது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘மவுன்ட்பாயின்ட்’ கமாண்டால் சோதித்து, மாட்டியில்லை என்றால் பிழையோடு வெளியேறச் செய்யுங்கள்.

பேக்கப் கருவி: ரெஸ்டிக். ஒரு ஃபோல்டரை இன்னொன்றோடு ஒத்திசைக்கும் ஆர்சின்க் நல்ல கருவிதான், ஆனால் ‘டிலீட்’ தேர்வோடு ஓட்டினால் இங்கே தவறுதலாக அழித்தது அன்றிரவே அங்கும் அழியும். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருப்பதற்கும் இல்லாததற்கும் பொருளே வேறு: இருந்தால் உள்ளடக்கம் மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரோடு போகும். சாய்கோட்டை மாற்றிப்போட்டு டிலீட்டும் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ட்ரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) பார்க்காமல் அதைத் தொடாதீர்கள். ரெஸ்டிக் ஒவ்வொரு நாளையும் தனி ஸ்னாப்ஷாட்டாக வைக்கும். தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 12 என்று வைத்தால் போதுமானது. எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பாஸ்வேர்டு தொலைந்தால் அந்த டிஸ்க் வெறும் எடைக்கல். காகிதத்தில் எழுதி, சர்வர் இல்லாத வேறோர் இடத்தில் வையுங்கள்.

மாதம் ஒரு தடவை ஏதாவது 20 படங்களை வேறு ஃபோல்டருக்கு மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். ரெய்டு (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் முறை) பற்றி யாராவது சொல்வார்கள். டிஸ்க் செத்தாலும் சேவை நிற்காமலிருக்கத்தான் ரெய்டு. தவறுதலாக அழித்ததை அது இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும்.

கட்டம் கட்டி

சர்வர் எங்கேயும் ஓடிப்போகாது. உங்கள் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். மாதம் ஒரு நாள் மிச்சமானால் அந்த நேரத்தில் சர்வரை நோண்டலாமே.

ப்ரோகிராமிங் இப்போது தேவையில்லை. எக்செல் 2016 முதல், பல ஃபைல்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் பவர் குவெரி உள்ளேயே இருக்கிறது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை என்பதால் அலுவலக மெஷினில் அனுமதிப் பிரச்சினை குறைவு. 30 ஃபைல்களையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். புதிய ஒர்க்புக்கில் டேட்டா தாவலில் கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஃபோல்டர், பிறகு கம்பைன் அண்ட் ட்ரான்ஸ்ஃபார்ம். அடுத்த மாதம் ஃபோல்டரில் ஃபைல்களை மாற்றிவிட்டு ரெஃப்ரெஷ் அழுத்தினால் முடிந்தது. கேட்பதற்கு எளிது. கெடுவது எங்கே என்று சொல்கிறேன்.

எல்லா ஃபைலிலும் ஷீட்டின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கிளை ‘ஷீட்1’ என்றும் இன்னொன்று ‘இருப்பு’ என்றும் அனுப்பினால் நின்றுவிடும். யாராவது அந்த ஃபோல்டரில் ஒரு ஃபைலைத் திறந்து வைத்திருந்தால் அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் வைத்த மறைமுக ஃபைல் ஒன்று உருவாகியிருக்கும். அதுவும் பட்டியலில் புகுந்து பிழை தரலாம். ஃபைல் பெயர் நெடுவரிசையில் ‘அலைக்குறியில் தொடங்காதவை’ என்று ஒரு வடிகட்டி வையுங்கள்.

சத்தம் போட்டு நிற்பதைவிட மோசம், சத்தமில்லாமல் விழுவது. நெடுவரிசைத் தலைப்புகள், மாதிரியாக எடுத்துக்கொள்ளும் ஒரு ஃபைலிலிருந்துதான் வருகின்றன. ஒரு கிளை ‘எண்ணிக்கை’ என்ற தலைப்புக்குப் பின்னால் ஒரு இடைவெளியைச் சேர்த்து அனுப்பினால், அது வேறு நெடுவரிசை ஆகிவிடும். அந்தக் கிளையின் எண்ணிக்கை எல்லாம் வெற்றாக விழும், ஒரு எச்சரிக்கையும் வராது. அதனால் ரெஃப்ரெஷ் செய்ததும் பார்க்க ஒரு சின்ன அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்: கிளைவாரியாக எத்தனை வரி, எண்ணிக்கையின் கூட்டுத்தொகை, எத்தனை வெற்றுக் கட்டம். 30 கிளையும் வந்ததா என்று அதில் ஒரு பார்வையில் தெரியும்.

பவர் குவெரி முதல் 200 வரியைப் பார்த்து இது எண், இது எழுத்து என்று ஊகித்து ‘சேஞ்ச்டு டைப்’ என்ற படியைத் தானாகச் சேர்க்கும். சரக்குக் குறியீடு 00417 என்றால் 417 ஆகிவிடும். அந்தப் படியை அழித்துவிட்டு, குறியீடு உள்ள நெடுவரிசைகளை நீங்களே டெக்ஸ்ட் ஆக்குங்கள். நீளமான எண்களிலும் இதே கதி: எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணாக வைத்திருக்காது, 16-ஆவது இலக்கம் பூஜ்யமாகிவிடும். குறியீடு மாதத்தின் பெயர் போல இருந்தால் தேதியாக மாறும். இந்தத் தொல்லையால் மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையே 2020-இல் மாற்றினார்கள். மார்ச்1 என்பது மார்ச்எஃப்1 ஆனது. 2023-இல் வந்த பதிப்புகளில் இந்தத் தானியங்கி மாற்றத்தை ஆப்ஷன்ஸில் அணைக்கலாம்.

எக்ஸ்எல்எஸ் என்று முடியும் பழைய வடிவத்தில் யாராவது அனுப்பினால் புதிய வடிவத்தில் கேளுங்கள். பழையதில் 65,536 வரி, புதியதில் 10,48,576. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் கடைசியில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டது இந்தப் பழைய வடிவத்தின் வரி எல்லையால்தான்.

விலைப் பட்டியலோடு பொருத்த விலுக்அப் போட்டால் நான்காவது இடத்தில் ‘ஃபால்ஸ்’ எழுத மறக்காதீர்கள். விட்டுவிட்டால் தோராயப் பொருத்தம் செய்து தவறான விலையை நம்பிக்கையோடு காட்டும். எக்ஸ்லுக்அப்பில் அந்தத் தொல்லை இல்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு குறியீடு பொருந்தவில்லை என்றால் கடைசியில் இடைவெளி ஒட்டியிருக்கும். டிரிம் போட்டும் போகாவிட்டால் அது இணையப் பக்கத்திலிருந்து வந்த 160-ஆம் எண் இடைவெளி. சப்ஸ்டிட்யூட்டால் ‘கேர் 160’-ஐ வெற்றாக மாற்றுங்கள். தமிழ்ப் பெயர் உள்ள சிஎஸ்வி ஃபைலை இருமுறை சொடுக்கித் திறந்தால் கோழி கிளறியது மாதிரி வரும். ஃபைல் கெடவில்லை, டேட்டா தாவல் வழியாக எடுத்து, குறியாக்கத்தில் 65001, அதாவது யுடிஎஃப்-8 தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலையிடத்து ஃபைல்களை வீட்டு சர்வருக்குக் கொண்டுவந்து பழக வேண்டாம். கற்பனைக் குறியீடு போட்டு மூன்று மாதிரி ஃபைல் உருவாக்கினால் பயிற்சிக்குப் போதும். பைத்தான் நிரல்மொழியும் அதன் அட்டவணைக் கருவியான பாண்டாஸும் இதற்கு அடுத்த படி. பவர் குவெரி திணறும்போது தானாகத் தேவைப்படும்.

வடிகட்டி

சர்வர் ஓடியதும் எல்லாரும் சொல்வது பை-ஹோல், விளம்பரத் தடுப்புக்கு. போடலாம், 4 ஜிபி தாராளம். தெரிந்துகொண்டு போடுங்கள்: சர்வர் நின்றால் வீட்டில் எல்லாருக்கும் நெட் நின்றதாகத்தான் தோன்றும். அதற்காக ரவுட்டரில் இரண்டாவது டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி எண் சொல்லும் சேவை, பை-ஹோல் செய்வதும் இதைத்தான்) ஆக வெளியார் முகவரியைப் போட்டால் சாதனங்கள் இரண்டையும் மாறி மாறிக் கேட்கும், பாதி விளம்பரம் திரும்பி வரும். யூடியூப் விளம்பரம் இதில் போகாது. வீடியோ வரும் அதே இடத்திலிருந்துதான் அதுவும் வருகிறது. வீட்டில் மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நலம்.

சரக்கறை

எல்லாருக்கும் நன்றி. பவர் குவெரி மூன்று மாதிரி ஃபைலில் ஓடிவிட்டது. டெபியனும் ஏறிவிட்டது. இப்போது நான்கு இடத்தில் நிற்கிறேன்:

மூடி திறந்தே இருந்தாலும் 20 நிமிடம் தொடாவிட்டால் சர்வர் நெட்வொர்க்கில் காணாமல் போகிறது, பவர் பட்டனைத் தொட்டால் திரும்பி வருகிறது. கேபிளில்தான் இருக்கிறது, ஆனால் காப்பி வேகம் வினாடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லை. விண்டோஸில் நெட்வொர்க் பட்டியலில் சர்வர் தெரியவில்லை. ஐபி எண்ணை அடித்தால் திறக்கிறது. பேக்கப் ஸ்கிரிப்ட் கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போட்டால் எதுவும் நடப்பதில்லை.

கருந்திரை

முதலாவதைப் பார்த்தால், டெஸ்க்டாப் டிக்கை எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். க்னோம் டெஸ்க்டாப்பின் உள்நுழைவுத் திரையில் யாரும் லாகின் செய்யாமல் நின்றாலும் சிறிது நேரத்தில் அதுவாகத் தூங்கப்போகும். எஸ்எஸ்எச்சில் நீங்கள் உள்ளே இருப்பதை அது கணக்கில் எடுக்காது. ‘ஸ்லீப்’, ‘சஸ்பெண்ட்’, ‘ஹைபர்னேட்’, ‘ஹைப்ரிட்-ஸ்லீப்’ நான்கு டார்கெட்டையும் சிஸ்டம்சிடிஎல் கமாண்டால் ‘மாஸ்க்’ செய்யுங்கள் (முழுதாக முடக்குவது). மறுபடி இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, ஆனால் இந்தக் கட்டத்தில் மறுபடி செய்வதும் நல்ல பயிற்சி.

மூன்றாவது கோளாறே அல்ல. பழைய எஸ்எம்பி1 பகிர்வு முறை அணைக்கப்பட்டதால் விண்டோஸ் இப்போது வேறு முறையில் தேடுகிறது. சாம்பா அதற்குப் பதில் சொல்லாது. ‘wsdd-server’ என்ற பேக்கேஜை ஏற்றினால் பட்டியலில் வரும். ஏற்றாமல் ஐபியை டிரைவ் எழுத்தாக மேப் செய்துகொண்டாலும் போதும்.

பழைய இரும்பு

11 எம்பி என்பது 100 மெகாபிட் இணைப்பின் உச்சம். ஜிகாபிட்டில் 110 வரை வர வேண்டும். ‘ஈத்டூல்’ ஓட்டி வேகம் 100 என்று காட்டுகிறதா பாருங்கள். ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடி ஒயரும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டில் ஒரு ஜோடி விட்டுப்போனாலும் இணைப்பு அறுபடாமல் 100-க்கு இறங்கிவிடும். முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு ரவுட்டரில் வேறு போர்ட். விலை குறைந்த ரவுட்டர்கள் சிலவற்றில் எல்லா போர்ட்டுமே 100 தான். அப்படியானால் நடுவில் ஒரு ஜிகாபிட் ஸ்விட்ச் வைத்து, காப்பி செய்யும் கம்ப்யூட்டரையும் சர்வரையும் அதில் மாட்டுங்கள்.

இரண்டாம் பிரதி

கிரான் சிக்கலுக்கு மூன்று காரணம் உண்டு, இந்த வரிசையில் பாருங்கள். கிரான் ஓடும்போது உங்கள் ஷெல்லின் (நீங்கள் கமாண்ட் அடிக்கும் இடம்) அமைப்பு எதுவும் இருக்காது. ரெஸ்டிக் பாஸ்வேர்டை எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்தால் அது கிரானுக்குத் தெரியாது. பாஸ்வேர்டை ரூட் மட்டும் படிக்கக்கூடிய ஒரு ஃபைலில் வைத்து, ஸ்கிரிப்டுக்குள் அந்த ஃபைலைக் காட்டுங்கள். அடுத்தது பாதை: கமாண்டுகளை முழுப் பாதையோடு எழுதுங்கள். மூன்றாவதுதான் நேரத்தைத் தின்னும். லாக் ஃபைல் பெயரில் தேதி வருவதற்காகக் கிரான் வரியிலேயே சதவீதக் குறி போட்டிருந்தால், கிரான் அதைப் புது வரி என்று எடுத்துக்கொண்டு அங்கேயே வெட்டிவிடும். குறிக்கு முன் பின்சாய்கோடு போடலாம். அதைவிட, தேதி விஷயத்தை ஸ்கிரிப்டுக்குள் தள்ளிவிட்டுக் கிரானில் ஸ்கிரிப்டின் பெயரை மட்டும் வைப்பது சுத்தம்.

வெளியீட்டையும் பிழையையும் ஒரே லாகுக்குத் திருப்புங்கள். முதல் வாரம் தினமும் அதன் கடைசி வரியைப் பாருங்கள். ஒரு நாள் வேண்டுமென்றே யுஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்கிரிப்ட் பிழை சொல்கிறதா என்றும் பாருங்கள். சொல்லவில்லை என்றால் லாகையும் ஸ்கிரிப்டையும் இங்கே போடுங்கள், பாஸ்வேர்டை நீக்கிவிட்டு.